படம் யாருக்காக எடுத்தது?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வி பற்றிய கட்டுரையோடு வந்த பழைய படத்துக்குக் கீழே 'தொழிற்பயிற்சி பெறும் மாணவர்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். எடுத்தவர் பெயரும் இல்லை, எதற்காக எடுத்தது என்பதும் இல்லை.

வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர்கள் படித்த ஹாம்ப்டன் இன்ஸ்டிடியூட் என்ற கல்லூரி அழைத்ததன் பேரில், பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எடுத்தது அது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பணக்காரர்களின் நன்கொடையை நம்பியிருந்த கல்லூரி. அவர்களுக்கு எதைக் காட்ட வேண்டுமோ அதுதான் படத்தில் இருக்கிறது.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு இளைஞர்கள் ஒரு மரப் படிக்கட்டை இழைத்துப் பொருத்துகிறார்கள். ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. தச்சுவேலை நடக்கிற இடம் இத்தனை அமைதியாக எங்கே இருக்கும்? அத்தனையும் நிறுத்தி வைத்து எடுத்தது. இன்னொன்று: அவர்கள் கட்டுவது கல்லூரிப் பொருளாளரின் வீடு!

அதே கண்காட்சியில் டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் ஜார்ஜியா மக்களின் படங்களைத் தொகுத்து வைத்திருந்தார். மொத்தம் 363. அவற்றில் நன்றாக உடுத்திக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கும் முகங்கள் நிறைய உண்டு. கையில் உளியோ இழைப்புளியோ இல்லை. இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல வரவில்லை. ஹாம்ப்டன் மாணவர்களின் உழைப்பு நிஜம்தான். ஆனால் டு பாய்ஸ் படம் ஒன்றையாவது பக்கத்தில் போட்டிருக்கலாம். இடமில்லை என்றால் சரி, படக்குறிப்பில் ஒரு வரியாவது கூட்டியிருக்கலாமே.

தங்கள் நெடுநாள் வாசகர்