பேஸ்டமில் ஒரு சாலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் பாம்பேய் பற்றிய கட்டுரை படித்தேன். அதைப் பார்க்க இத்தாலியின் நேப்பிள்ஸ் வரை போகிறவர்கள் இன்னொரு நாள் ஒதுக்கி பேஸ்டமுக்கும் ரயிலேற வேண்டும். பொசிடோனியா என்ற பெயரில் கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் அமைத்த நகரம் அது. சென்ற ஏப்ரலில் மகளோடு போய் வந்தேன்.

மூன்று கோயில்கள் இன்னும் தூண்களோடு நிற்கின்றன. மிகப் பழையதில் முகப்பில் 9 தூண்கள். அதனால் ஒரு தூண் நட்டநடுவில் வருகிறது! தூண்களின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். கூரையின் பாரத்தை மூச்சைப் பிடித்துத் தாங்குவதுபோல. அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். அப்புறம் அருங்காட்சியகம். 1968இல் கிடைத்த கல்லறையின் மூடியில், உட்புறமாக, நீரில் பாயும் ஓர் இளைஞனின் ஓவியம். இறந்தவர் மட்டுமே பார்க்கத் தீட்டியது.

மனதை உறுத்தியது ஒன்றுதான். ரோமானியர் பிற்பாடு கட்டிய வட்ட அரங்கை 19ஆம் நூற்றாண்டில் போட்ட சாலை குறுக்கே வெட்டிப் போகிறது. பாதி அரங்கு இன்றும் மண்ணுக்கடியில். முப்பது வருடம் சாலை போட்டவன் நான். அதைப் பார்க்கத் தாங்கவில்லை. நூறு கெஜம் தள்ளிப் போட்டிருக்கலாம், சுற்றிலும் சமதரைதான்.

ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்,
திருச்சி