ஒரு பை பட்டாணிக்கு நன்றி

பெட்ரோல் நிலையத்து அக்காவுக்கும், சனிக்கிழமை எங்களோடு நின்ற மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமை, பழைய கார்களின் கூடலுக்குப் போகும் வழியில், டிஆர்5 என்ற பழைய டிரையம்ஃப் கார் ஒன்று, பெட்ரோலைத் தள்ளும் பம்ப் சூடேறி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு மிச்சமும் தெரியும். படங்களும் சுற்றிவிட்டன. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. டிஆர்5 கூடலுக்கு வந்து சேர்ந்தது. லாரியில் ஏறாமல், தன் எஞ்சினிலேயே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. பெயர் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை, மன்னியுங்கள். ஏ44 சாலையில் ஃபிஷ் ஹில் ஏற்றம் இன்னும் ஏறவில்லை, வெயிலோ குறையவில்லை. நீங்கள் கல்லாவை விட்டு வெளியே வந்து, திறந்திருந்த டிக்கிக்குள் எட்டிப் பார்த்து, "இது இவ்வளவு சுடுகுது, தண்ணி ஊத்தக் கூடாதோ?" என்று கேட்டீர்கள். கரன்ட் பம்ப், ஊற்றக் கூடாது என்றோம். "அப்ப நில்லுங்கோ" என்று உள்ளே போனவர், ஃப்ரீஸரிலிருந்து ஒரு பை உறைந்த பச்சைப் பட்டாணியை எடுத்து, நீலக் கோடு போட்ட துவாயில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். பணத்தை நீட்டியபோது, "காசை விடுங்கோ, முதல் காரைப் பாருங்கோ" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள டிரையம்ஃப் கார்களை வைத்திருப்பவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் கைவைத்தியம் அதேதான்: பம்புக்குப் பட்டாணிப் பை. எங்களில் பலருக்கு அது தெரியும். ஆனால் அன்று யார் வண்டியிலும் ஒரு ஐஸ் கட்டிகூட இல்லை. காரைப் பற்றி ஒன்றும் தெரியாத நீங்கள், சூடான ஒன்றைத் தொட்டுப் பார்த்து, நேராக அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தீர்கள்.

அது ஏன் வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறோம். நன்றியோடு விளக்கமும் சேர்ந்தால்தான் நீங்கள் செய்தது எவ்வளவு பெரிது என்று புரியும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இந்தக் காரில் கிடையாது. டிக்கியில் இருக்கும் மின்சாரப் பம்ப் பெட்ரோலை 106 முதல் 110 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றி முன்பக்கம் அனுப்புகிறது. அங்கே மீட்டரிங் யூனிட் அதை அளந்து, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. எஞ்சின் குடிப்பதைவிடப் பல மடங்கு பெட்ரோலைப் பம்ப் தள்ளுகிறது. மிச்சம் ரிலீஃப் வால்வு வழியாக டேங்குக்கே திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். டேங்க் நிறைந்திருந்தால் ஐம்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கால் டேங்குக்குக் கீழே போய், நெரிசலில் ஊர்ந்து, வெயிலும் சேர்ந்தால், அதே பத்துப் பன்னிரண்டு லிட்டர் திரும்பத் திரும்பச் சுற்றும். அப்போது பம்பின் உறிஞ்சும் பக்கத்திலேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாகும். குமிழியைப் பம்பால் அழுத்த முடியாது, ஊளையிடத் தொடங்கும். அழுத்தம் இறங்கும். இன்ஜெக்டர் திறக்க ஏறத்தாழ 50 பிஎஸ்ஐ வேண்டும். அதற்கும் கீழே போனால் எஞ்சின் முதலில் இருமும், பிறகு நிற்கும். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றோ இக்னிஷன் போய்விட்டது என்றோ நினைத்து எல்லோரும் பானட்டைத் திறப்பார்கள். கோளாறோ பின்பக்கம், டிக்கியில்.

பட்டாணி ஐஸ் கட்டியைவிட நல்லது. உருளையான மோட்டார் உடம்பில் பை அச்சாகப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். ஐஸ் உருகினால் தண்ணீர் கம்பி முனைகளில் இறங்கும். பட்டாணிப் பையிலிருந்து வருவது வெறும் வியர்வை, அதைத் துணி குடித்துவிடும். நீங்கள் துவாயில் சுற்றிக் கொடுத்தது அதனால்தான் அவ்வளவு சரி. பம்பை அணைத்துவிட்டு மோட்டார் மேல் பையைச் சாத்தி இருபது நிமிடம் விட்டோம்.

அதற்குள் நீங்கள் இன்னொன்றும் செய்தீர்கள். "மற்றதைப் போடாதேங்கோ, பழைய காருக்கு அது கூடாது எண்டு சொல்லுறவை" என்று இ5 சூப்பர் இருந்த பக்கத்தைக் கைகாட்டினீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால்; இ5இல் ஐந்து வரைதான். எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், பிறகு விரிசல் விட வைக்கும். மீட்டரிங் யூனிட் முழுக்க ரப்பர் சீல்களை நம்பியிருக்கிறது. டேங்கை இ5இல் நிறைத்தோம். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த அந்தப் பெட்ரோலின் குளிர்ச்சியே பாதி மருந்து. சாவியைத் திருப்பியதும் ஊளை இல்லை; சீரான ஒரு ரீங்காரம் மட்டும். மீட்டரிங் யூனிட்டிலிருந்து போகும் நைலான் குழாய்களை ஒவ்வொன்றாக இரு விரலால் பிடித்துப் பார்த்தோம். ஆறிலும் நாடி அடித்தது. நாடி இல்லாத குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, ஒரு ஜாடிக்குள் பிடித்து, நுண்ணிய கூம்பாகத் தெளிக்கும்வரை ஓடவிட வேண்டும். எங்களுக்கு அந்த வேலை வைக்கவில்லை.

அக்கா, உங்கள் கடை வாசலில் நின்ற கார் எது என்றும் சொல்ல வேண்டும். 1967 பிற்பாதியில் தொடங்கி 1968 பிற்பாதியோடு முடிந்துபோன கார் டிஆர்5. கவன்ட்ரியின் கேன்லி ஆலையில் மொத்தம் 2,947 கட்டினார்கள். அதில் பிரிட்டனில் விற்றவை 1,161. அமெரிக்காவுக்குப் போன அதன் உடன்பிறப்பு டிஆர்250க்கு இன்ஜெக்‌ஷன் கிடையாது, இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், அது 8,484. ஆக உங்கள் துவாய் குளிர்வித்தது 2,947இல் ஒன்றை.

இன்று அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் எங்கள் வேலை. கணினியில் ஒரு எண் கிடைக்கும். அதை நம்பி உட்கார முடியாது. அரசின் வாகனப் பதிவேட்டில் ஒரே மாடல் பல பெயர்களில் கிடக்கிறது. சாலையில் ஓட்டாமல் வைத்திருக்கிறேன் என்று அறிவிக்கும் சார்ன் முறை வந்தது 1998இல். அதற்கு முன்பே கொட்டகையில் தள்ளிப் பூட்டிய கார் எந்தப் பட்டியலிலும் வராது. காகிதப் பதிவைக் கணினிக்கு மாற்ற 1983 நவம்பர்வரை கெடு கொடுத்தார்கள். அதைத் தவறவிட்ட கார்களின் பழைய எண்ணை மீட்க வேண்டுமானால், பழைய கார் மன்றம் ஒன்று காரைப் பார்த்துச் சான்று சொல்லி வி765 படிவம் போக வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய காருக்கு எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது யாரோ ஒரு மெக்கானிக் அந்தக் காரைப் பார்த்தார் என்ற சுவடும் அதோடு போயிற்று. வரியில்லா வரலாற்று வாகனமாகப் பதிவில் நிற்கும் கார் ஓடுகிறதா, செங்கல் மேல் நிற்கிறதா என்று எண் சொல்லாது.

கூடல்கள் அதற்குத்தான் வேண்டும். புல்வெளியில் வரிசையாக நிற்கும்போது ஒவ்வொன்றாகப் போய்த் தகட்டைப் படிக்கிறோம். கமிஷன் எண், அதாவது ஆலை அந்தக் காருக்குக் கொடுத்த அடையாள எண், சிபி என்று தொடங்க வேண்டும். அடுத்து வந்த டிஆர்6 இன்ஜெக்‌ஷன் கார்களும் சிபிதான், ஆனால் அவை 25001இலிருந்து ஆரம்பம்; டிஆர்5 எண்கள் மூவாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். சிடி என்று இருந்தால் அது டிஆர்250. அமெரிக்காவிலிருந்து வந்து இன்ஜெக்‌ஷன் மாட்டிக்கொண்டது. அதுவும் நல்ல கார்தான், அன்போடு வரவேற்கிறோம். ஆனால் இந்தக் கணக்கில் சேராது. எஞ்சின் எண்ணும் சிபியில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உடல் எண் தனி. அது கமிஷன் எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் நல்ல காரைப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்கலாம். ஆலையை விட்டுப் போனபோது அந்தக் காரில் இருந்த எஞ்சின் எண், நிறம், அது அனுப்பப்பட்ட இடம் எல்லாம் அதில் வரும்.

எங்கள் ஏட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இரண்டு கட்டம் உண்டு. ஒன்று 'கேள்விப்பட்டது', மற்றது 'கண்ணால் பார்த்தது'. இந்தக் கார் இத்தனை நாள் முதல் கட்டத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை மாலை அது இரண்டாம் கட்டத்துக்கு வந்தது. பேனாவைப் பிடித்திருந்தவர் எழுதிவிட்டு அந்த வரியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் வந்திருந்தாலும் தகட்டைப் படித்திருப்போம். ஆனால் 'ஓடி வந்தது' என்று பக்கத்தில் எழுத முடிந்திருக்காது.

மற்றவர்களுக்கும் கடன் இருக்கிறது. உபரி பம்பைத் தன் காரிலிருந்தே கழற்றித் தருகிறேன் என்று ஸ்பானரோடு வந்தவருக்கு. அழுத்தமானி கொண்டுவந்து அளந்து காட்டியவருக்கு. எர்த் கம்பியின் துருவைத் தேய்த்து முனையைப் புதிதாக அழுத்திக் கொடுத்த இளைஞருக்கு. பின்னால் விளக்கை மினுக்கிக்கொண்டு ஏற்றம் முழுவதும் துணை வந்த இரண்டு டிஆர்4ஏ காரர்களுக்கு. தீயணைப்பானைக் கையிலேயே பிடித்தபடி நின்றவருக்கு. நுழைவாயிலை நேரம் கடந்தும் மூடாமல் வைத்திருந்தவர்களுக்கு. பெல்ஜியத்திலிருந்து வந்து, தங்கள் காரைக் காட்டுவதை விட்டுவிட்டு எங்களுக்குத் தேநீர் ஊற்றிய தம்பதிக்கு. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி நாங்கள் செய்யப் போவது. அடுத்த கூடலுக்கு முன் எங்கள் கையால் தொடக்கூடிய ஒவ்வொரு டிஆர்5இலும் பம்பைச் சோதிப்போம். அம்மீட்டரை வரிசையில் மாட்டினால் நல்ல பம்ப் 4 முதல் 5 ஆம்பியருக்குள் இழுக்கும். அதைவிட அதிகம் இழுத்தால் அது தேய்ந்திருக்கிறது, அல்லது ரிலீஃப் வால்வு இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. பம்ப் முனையில் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக் கம்பியும் துருப்பிடித்த எர்த்தும் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால் பம்ப் திணறும், சூடேறும். தனி ரிலே போட்டுத் தடித்த கம்பி இழுப்பதே சரி. பம்புக்கு முன்னுள்ள காகித ஃபில்டரை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். அடைத்த ஃபில்டர்தான் குமிழியை அழைத்து வரும் முதல் ஆள். லூகாஸ் பம்பை விட்டு பாஷ் பம்புக்கு மாறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது நன்றாகத் தள்ளும், நன்றாக உறிஞ்சாது. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள்.

பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். கோடையில் அரை டேங்குக்குக் கீழே விடாதீர்கள். ஊளை கேட்டதும் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மிதிக்காதீர்கள். மீட்டரிங் யூனிட்டுக்கு எண்ணெய் கிடையாது, பெட்ரோல்தான் அதன் மசகு. வறண்டு சுழன்றால் உள்ளே கீறல் விழும். கீறல் விழுந்ததைப் பட்டாணி காப்பாற்றாது.

அக்கா, உங்கள் துவாய் எங்களிடம் இருக்கிறது. மூன்று முறை துவைத்துவிட்டோம், பெட்ரோல் வாசம் இன்னும் லேசாக அடிக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதே காரில், டேங்க் நிறைய, உங்கள் கடைக்கு வருகிறோம். புதுத் துவாய் ஒன்றும் ஒரு பை பட்டாணியும் எங்கள் கையில் இருக்கும். காசை விடுங்கோ என்று இந்த முறை நாங்கள் சொல்வோம். உங்களுக்கு நேரமிருந்தால் பக்கத்து இருக்கை காலி. ஃபிஷ் ஹில் உச்சிவரை போய் வரலாம்.

அன்புடன்,
டிஆர்5 கணக்கெடுக்கும் நாங்கள்