கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள்: அந்தமான் பேக்கேஜ் போடும் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் டிராவல்ஸ் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கமுங்க.

அரையாண்டு விடுமுறைக்கும் தை நோம்பியான பொங்கலுக்கும் நீங்கள் போட்டிருக்கும் அந்தமான் நோட்டீஸ்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன. "4 இரவு, 5 பகல். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங். மார்கழிக் குளிருக்கு இதமான வெயில், முழு ஓய்வு." அந்தத் தீவுகள் உங்களுக்குப் பழகிய இடம். தெரிந்தவர்களே இப்படி எழுதலாமா என்றுதான் ஐந்தாம் நாள் நிரலைப் படித்ததும் கோபம் வருகிறது. காலையில் நீல் தீவிலிருந்து படகு, போர்ட் பிளேரில் இறங்கி நேரே விமான நிலையம், மதியம் சென்னைக்கு விமானம்.

கடல் அமைதியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் இன்னும் ஓய்ந்திருக்காது. காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக மாறிய தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வந்தன.

அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம். காலைப் படகு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனாலே போதும், விமானம் போய்விடும். படகு ரத்தானால் படகுக் கட்டணம் மட்டும்தான் திரும்பி வரும். விமான டிக்கெட் வீண், மறுநாள் டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். சென்னையிலிருந்து கோவைக்கு எடுத்து வைத்த ரயில் பெர்த்தும் கைவிட்டுப் போகும், நோம்பிக் கூட்டத்தில் அது மறுபடி கிடைக்காது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது என்ன செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் "இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் நீங்கள் பொறுப்பில்லைதான். படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைத்ததற்கு யார் பொறுப்பு?

கேட்பது ஒன்றுதான். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். நான்காம் நாள் மதியப் படகிலேயே ஆட்களைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். அது நின்றுபோனாலும் மறுநாள் காலைப் படகு என்று ஒரு வழி மிச்சமிருக்கும்.

காற்றுக் குடுவையோடு கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்கும் இதே கதிதான். சில நிரல்களில் ஊர் திரும்பும் நாள் விடியற்காலையில் ஸ்கூபா போட்டிருக்கிறீர்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே அழுத்தம் குறைந்து அது குமிழியாகலாம். மூட்டு வலியில் தொடங்கிக் கை கால் செயலிழப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது முக்குளிப்பவர்களுக்கான பாதுகாப்பு வரையறை. ஆஸ்துமாவும் இதய நோயும் இருக்கிறதா என்ற கேள்வித்தாளை அங்கே கடற்கரையில் நீட்டுகிறார்கள். அதை இங்கே பணம் வாங்கும்போதே கேளுங்கள். பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டவர்கள் நம் ஊரில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள்.

நேரங்களையும் திருத்துங்கள். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே கிடக்கிறது. டிசம்பரில் அங்கே 5 மணியை ஒட்டியே பொழுது விழுந்துவிடும், கோவையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி. "மாலை 5.30, ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று அச்சடித்தால் பார்க்க இருட்டுதான் இருக்கும். 3.30க்கே அங்கே இறக்கிவிட வேண்டும். நீல் தீவின் இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும்போதுதான் கிட்டப்போய்ப் பார்க்க முடியும். அந்த வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. எல்லாத் தேதிக்கும் "காலை 10 மணி" என்று எப்படிப் போட்டீர்கள்?

பாராடாங்குக்கு ஒரு வழியே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காடு, அதற்குள் வண்டிகளை அணியாகத்தான் விடுவார்கள். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காலை 6 மணி வாகன அணிவகுப்பைப் பிடிக்க நடுச்சாமம் தாண்டியதுமே எழ வேண்டும். ஓய்வு என்று காசு வாங்கிக்கொண்டு அப்பாரையும் ஆத்தாவையும் மூன்று மணிக்கு வண்டியில் ஏற்றுவது நியாயமா? பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தம் நிற்பதே வருசத்தில் சில நாள்தான். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அந்தச் சில நாளை உங்களிடம் ஒப்படைக்கிறார்கள். அங்கேயும் ஷிப்டுக்கு ஓடுவதுபோல ஓட்டுகிறீர்கள். கேரளா, கோவா என்று எந்த நோட்டீஸை எடுத்தாலும் இடங்களின் எண்ணிக்கையில்தான் போட்டி, உட்கார நேரம் எங்கேயும் இல்லை.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 5 நாளுக்கு நீலையும் பாராடாங்கையும் விட்டுவிடலாம். முதல் நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ஹேவ்லாக். மூன்றாம் நாள் வண்டியும் இல்லை, படகும் இல்லை, கடற்கரை மட்டும். ஸ்கூபா வேண்டியவர்களுக்கு அன்று காலை. நான்காம் நாள் மதியம் போர்ட் பிளேர், ஐந்தாம் நாள் விமானம். ஒரு தீவுக்கான படகு டிக்கெட்டும் பாராடாங் வண்டி வாடகையும் மிச்சமாவதால் உங்களுக்கும் கை கடிக்காது. படகு ஏறும் அன்று குமட்டல் மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போடச் சொல்லுங்கள், வயசானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை கேட்டு வாங்குங்கள்.

தை நோம்பி நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து அந்த ஐந்தாம் நாளை மாற்றுங்கள். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். படகு ரத்தானால் எந்தச் செலவு உங்களுடையது, எது எங்களுடையது என்பதையும் முன்பண ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டும் முன் நிரலைப் படித்துப் பார்க்கும் கொங்கு நாட்டுப் பயணிகள்