ஒரு வீடு, ஒரு ராத்திரி

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். பொங்கல் லீவில் கூட்டாளிகளோடு பேய்ப்படம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். "அம்பது வருஷத்துக்கு முந்தி சில்லறைக் காசில் எடுத்த படங்களை இன்னும் ஏம்மா ஜனங்க தேடித் தேடிப் பார்க்கிறாங்க?" என்று கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை தம்பி. அதனால்தான் எழுதுகிறேன், உன் வேலைக்கு ஆகிற மாதிரியே.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 1967-ல் தொடங்கி, 1968 அக்டோபரில் படத்தை வெளியிட்டார்கள். செலவு சுமார் 1,14,000 டாலர். இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீடு அவர்களுக்குக் கிடைத்தது. சுவரில் ஆணி அடித்தாலும் ஜன்னலை உடைத்தாலும் கேட்பாரில்லை. கதையும் அந்த வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுதான்: ஒரு ராத்திரி, உள்ளே ஏழு பேர், வெளியே எழுந்து நடக்கிற பிணங்கள். நாடு முழுக்க இதே கதி என்று காட்ட அவர்களிடம் காசு இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குள் ஒரு ரேடியோவும் ஒரு டிவியும் வைத்துச் செய்தி வாசிக்க விட்டார்கள். ஊர் பற்றி எரிவதை நாம் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே கதவில் பலகை அறைகிறவர்களைப் பார்க்கிறோம். நீ எதை எழுதினாலும் எழுது, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணு, அதற்குள் கதையை வை. கதையை எழுதிவிட்டு வீட்டைத் தேடிப் போனால் அங்கேயே பாதிப் படம் போய்விடும்.

இன்னொன்று, அதில் தெரிந்த முகமே கிடையாது. கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கரடுமுரடான பிம்பம். அந்தக் காலத்து டிவி செய்தி மாதிரியே இருக்கும். கதாநாயகனாக வந்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். எழுதும்போது அந்தப் பாத்திரம் இன்ன இனத்தவர் என்று குறிப்பு கிடையாது. நன்றாக நடித்தார், எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்த அந்த மனிதனை, விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த ஊர்க்காரர்கள் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். கடைசியில் வருவதெல்லாம் நிலைப்படங்கள், பேப்பரில் வருகிற புகைப்படம்போல. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருஷம் அந்தப் படம் வந்தது. பெரிய கம்பெனியாக இருந்தால் அந்த முடிவை மாற்றச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்க ஆள் இல்லாததால் அது அப்படியே நின்றது. இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் கடைசி இரண்டு நிமிஷம் நெஞ்சை அடைக்கும்.

அடுத்தது சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்', 1981. நீ வரி வரியாகப் படிக்கவேண்டிய படம் இதுதான். முழுப்படத்துக்குக் காசு கேட்பதற்கு முன்பே, 1978-ல், சூப்பர் 8 என்கிற சின்ன ஃபிலிம் கேமராவில் சுமார் 1,600 டாலரில் அரைமணி நேர மாதிரிப் படம் ஒன்று எடுத்தார்கள். அதைப் போட்டுக் காட்டித்தான் பணம் திரட்டினார்கள். பிறகு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் காட்டுக்குள் ஒரு பாழடைந்த மரவீட்டில் படப்பிடிப்பு. ஆறு வாரம் என்று போட்ட கணக்கு பல வாரம் இழுத்துவிட்டது, நடிகர்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சத்தை வேறு ஆட்களை முதுகு காட்டி நிற்கவைத்தும், கையையும் காலையும் மட்டும் காட்டியும் எடுத்து முடித்தார்கள். அதனால் நீயும் முகம் தெரிகிற ஷாட்டை எல்லாம் முதல் இரண்டு நாளில் எடுத்துவிடு. கை, கால், கதவுப்பிடி, நிழல் இதெல்லாம் யாரை வைத்தும் பிறகு எடுக்கலாம். ஆனால் எல்லோருடைய சட்டையும் உன்னிடமே இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப் போக விடாதே.

காட்டுக்குள் ஏதோ ஒன்று தரையோடு பாய்ந்து வருகிற மாதிரி அதில் ஒரு ஷாட் வரும். அதற்குக் கிரேனும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. நீளப் பலகையின் நடுவில் கேமராவை முடுக்கி, இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓடினார்கள். பலகை நீளமாக இருப்பதால் ஒரு கை நடுங்கினாலும் கேமரா சட்டென்று திரும்பாது. மேலும் கீழுமாக மிதக்கும், அந்த மிதப்புதான் பயம். ஆறடிப் பலகை போதும் உனக்கு. நடுவில் போன் ஹோல்டரை போல்ட் போட்டு இறுக்கு, ரப்பர் பேண்ட் கதை வேண்டாம். அகலமான லென்ஸை வை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடு. இல்லாவிட்டால் மர நிழலில் நுழையும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும். ஓடுகிற பாதையைப் பகலிலேயே நடந்து பார்த்துக் கல்லையும் முள்ளையும் பொறுக்கிவிடு. விழுந்தால் போன் மட்டுமா உடையும்?

இப்போது ரத்தம். ரொமேரோவுக்குச் சாக்லேட் சிரப் போதுமாக இருந்தது, கறுப்பு வெள்ளை ஆயிற்றே. வண்ணத்தில் அது சேறு மாதிரி தெரியும். ரெய்மியின் ஆட்கள் சோளச்சிரப்பில் சிவப்புச் சாயம் கலந்தார்கள். நம் ஊரில் பேக்கரிச் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் என்று கேள், அதே குணம்தான். அரைக் கிலோவுக்கு 100 மி.லி. வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் கரை. சிவப்பு ஃபுட் கலர் இரண்டு டீஸ்பூன். ராஸ்பெர்ரி ரெட் மட்டும் போட்டால் ரோஸ்மில்க் ஆகிவிடும், பாதிக்குப் பாதி டொமேட்டோ ரெட் சேர். பிறகு நீலம் இரண்டு சொட்டு. கோகோ பவுடர் ஒரு டீஸ்பூனை வெந்நீரில் குழைத்து விடு. அதுதான் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியாமல் ரத்தத்தைக் கனமாக்கும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் நூலாக இறங்கவேண்டும், தேன் மாதிரி தொங்கக்கூடாது.

குளுக்கோஸ் கிடைக்கவில்லை என்று சர்க்கரைப்பாகு காய்ச்சினால் கவனம். கம்பிப்பதத்துக்குப் போகவே கூடாது, பிசுக்குப்பதத்தில் இறக்கிவிடு. இறக்குமுன் எலுமிச்சம்பழம் நாலு சொட்டுப் பிழி. அது இல்லாவிட்டால் ஆறினதும் சர்க்கரை பூத்து, நடிகன் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துவிடும். குளுக்கோஸ் அப்படிப் பூக்காது. ஆனால் இரண்டுமே காய்ந்தால் இறுகும். 'ஈவில் டெட்' நாயகன் ப்ரூஸ் கேம்பெலின் சட்டை சிரப்பில் ஊறி, நெருப்பருகே உலர்த்தியதும் அப்பளமாக விறைத்து, மறுபடி மாட்டும்போது முறிந்ததாகச் சொல்வார்கள். ஆகவே ஒரே மாதிரிச் சட்டை ஆளுக்கு மூன்று வாங்கு. எறும்பு வரும், தரை வழுக்கும், சுண்ணாம்புச் சுவரில் பட்டால் சாயம் போகவே போகாது. வாடகை வீடு என்றால் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பிறகுதான் டப்பாவைத் திற. எந்த விளக்கில் எடுக்கப்போகிறாயோ அதே விளக்கில் ஒரு நிமிஷம் எடுத்துப் பார். மஞ்சள் பல்பின் கீழ் எல்லா ரத்தமும் ஆரஞ்சாகத் தெரியும், இன்னொரு சொட்டு நீலம் கேட்கும். வாயில் விடுகிற ரத்தத்தில் ஃபுட் கலரைத் தவிர வேறு சாயம் எதுவும் சேரக்கூடாது. கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் போடலாம் என்று யாராவது கிளம்பினால் நீ சம்மதிக்காதே. 'ஈவில் டெட்' படத்தில் போட்ட கெட்டி லென்ஸ்களைச் சில நிமிஷத்துக்கு மேல் கண்ணில் வைத்திருக்க முடியவில்லை. முகத்தை நிழலில் வை, போதும்.

ஒலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. மங்கலான படத்தை ஜனங்கள் மன்னிப்பார்கள், இரைகிற ஒலியை மன்னிக்கமாட்டார்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு எடு. பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு, கிளம்பும்போது மறுபடி சுவிட்ச் போட ஞாபகம் வரும். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் முப்பது வினாடி சும்மா பதிவு செய்துகொள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். எலும்பு முறிகிற சத்தத்துக்கு முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி மைக்குக்குப் பக்கத்தில் முறி. சதைக்கு முட்டைக்கோஸில் கத்தி.

இசை என்றதும் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' ஞாபகம் வருகிறது, 1978. அதில் கொலைகாரன் போடுகிற முகமூடி, கடையில் விற்ற சல்லிசுச் சரக்கு. 'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரில் வருகிற கேப்டன் கிர்க்கின் முகமூடியை வெள்ளையடித்துக் கண்ணோட்டையைப் பெரிசாக்கினார்கள், அவ்வளவுதான். இலையுதிர்காலக் கதையை வசந்தத்தில் எடுத்ததால், சாயம் பூசிய காகித இலைகளைத் தூவி, ஷாட் முடிந்ததும் திரும்பப் பொறுக்கி மூட்டை கட்டினார்கள். இசைக்குத் தனி ஆள் வைக்கக் காசில்லை, கார்பென்டரே பியானோவில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா சின்ன வயசில் பாங்கோ மேளத்தில் தட்டிக் கற்றுக்கொடுத்த ஐந்தெண்ணிக்கைத் தாளம் அது. நம் கணக்கில் சொன்னால் தகிட தகிட தக தக. தொடையில் தட்டிப் பார், நாலுக்குப் பழகின காலுக்கு எங்கே ஊன்றுவது என்றே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் தரை கொஞ்சம் நழுவும். மிருதங்கம் படித்தவன் நீ, சினிமாப்பாட்டைத் தொடவே வேண்டாம், இந்த மாதிரி ஒன்றை நீயே வாசித்துவிடு. உரிமைத் தகராறும் வராது.

உரிமை என்றால் ஒன்று சொல்லவேண்டும். ரொமேரோவின் படத்துக்கு விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமைக் குறிப்பு புது அட்டையில் விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லாமல் வெளியானால் படம் பொதுச்சொத்து. எந்த டிவி நிலையமும் போடலாம், எந்த வீடியோக் கடையும் நகல் எடுக்கலாம். எடுத்தவர்களுக்குப் பெரும் நஷ்டம். ஆனால் அந்த விட்டுப்போன ஒரு வரியால்தான் அது வீடு வீடாகப் பரவியது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இப்போது குறிப்பு இல்லாவிட்டாலும் சட்டம் காப்பாற்றும். ஆனாலும் நடிக்கிறவர்கள், இசை வாசிக்கிறவர்கள், வீட்டுக்காரர் என எல்லோரிடமும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு, கூட்டாளிதானே என்று விடாதே.

லிக்விட் குளுக்கோஸ் இரண்டு கிலோ வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். குளிரில் கெட்டியாகியிருக்கும், டப்பாவோடு வெந்நீரில் கால்மணி நேரம் வைத்துவிட்டுத் திற. ஷீட் விரித்தாயா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா