வீடு திரும்பிய குறைமாதக் குழந்தையைத் தேடிப் போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுநூறு, எண்ணூறு கிராம் எடையில் பிறந்த குழந்தையை மருத்துவர்கள் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்த செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால், 32 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தையின் சிகிச்சை டிஸ்சார்ஜ் அன்று முடிந்துவிடுவதில்லை. அதன்பிறகு குழந்தையைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு நடைமுறையில் தாயின் தலையிலேயே விழுகிறது.

கண்ணை எடுத்துக்கொள்வோம். விழித்திரையின் ரத்த நாளங்கள் நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுமையாக வளர்ந்து முடியும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு, அதிலும் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்ட குழந்தைக்கு, அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிரித்துவிடக்கூடும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. 34 வாரங்களுக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை பறிபோன வழக்கில், சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு.

நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணின் முகவரி ஓர் ஊரிலும், அவர் பிள்ளையோடு தங்கியிருப்பது வேறோர் ஊரிலும், பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் கணவரிடமும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் கண் பரிசோதனை பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எந்தத் தேதியில், எங்கே என்பது பல நேரங்களில் இருக்காது. தடுப்பூசி அட்டையோடு அந்தத் தாளையும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கும் தாயை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, 28 வாரத்தில், அதாவது ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாகப் பிறந்த ஆறு மாதக் குழந்தையை மூன்று மாதக் குழந்தையாகக் கொண்டே மதிப்பிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. இது தெரியாமல் எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்குகிறவர்கள் ஒருபுறம் இருக்க, ‘குறைமாதம்தானே, மெதுவாக வரும்’ என்று காத்திருப்பதுதான் அதைவிட ஆபத்தானது. துணி மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் குறுக்கிட்டாலோ, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ உடனே இயன்முறை சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

28 முதல் 32 வாரங்களுக்குள் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் கடுமையான குறைபாடு ஏதுமின்றி வளர்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கவனக்குறைவு, கணக்குப் பாடத்தில் தடுமாற்றம் போன்றவை பள்ளிக்குச் சென்ற பிறகே தெரியவரலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் 26 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளை எபிக்யூர் ஆய்வுக் குழுவினர் 19 வயதுவரை பின்தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

நம்மிடம் வசதி இல்லாமல் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்பட்டு, பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படும் பிக்மி எண் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. பிக்மி எண்ணில் குறைமாதப் பிறப்பைத் தனியாகக் குறித்து, தாய் தற்போது தங்கியிருக்கும் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கண், செவி, வளர்ச்சிப் பரிசோதனைத் தேதிகள் தானாகவே சென்று சேரும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அதே தேதிகள் தமிழில் இருக்க வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31ஐ வயதுக் கணக்குக்கு வைக்கும்போது, அக்டோபரில் பிறந்திருக்க வேண்டிய குழந்தை ஜூலையிலேயே பிறந்துவிட்டதால் ஓராண்டு முன்னதாக வகுப்பில் உட்கார நேர்கிறது. மருத்துவச் சான்று தரும் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அத்தகைய பிள்ளையை அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் எடுத்துக்கொள்ளத் தலைமை ஆசிரியருக்கு அனுமதி அளிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.