டோபமைன் மீது ஏன் இத்தனை பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் கவனச் சிதறல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனைக் குறைக்கச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாப் பழியையும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் தலையில் கட்டி, வாரத்தில் ஒருநாள் போன் மாதிரி இன்பங்களை ஒதுக்கி 'டோபமைன் விரதம்' இருங்கள் என்று முடித்திருக்கிறார்கள். பல வருடம் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன், பேசாமல் இருக்க முடியவில்லை.

டோபமைன் வெறும் இன்பத்துக்கான ரசாயனம் அல்ல. நரம்பியல் ஆய்வாளர் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச் உள்ளிட்ட குழுவினர் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். முந்தைய முறை எந்தப் பக்கம் உணவு எடுத்தோம் என்பதை மனதில் வைத்திருந்து, அடுத்த முறை மறுபக்கம் எடுக்க வேண்டும். இதுதான் குரங்குகளுக்கு வைத்த சோதனை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், டோபமைனை மட்டும் வற்றச் செய்தார்கள். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததுபோல் குரங்குகள் தடுமாறின. டோபமைனை ஈடுகட்டும் மருந்து கொடுத்ததும் தேறின. பாடத்தில் மனதை நிறுத்துவதற்கே டோபமைன் வேண்டியிருக்கும்போது, அதற்கு விரதம் எதற்கு? அப்புறம், போனை ஒருநாள் அணைத்து வைத்தால் மூளையில் டோபமைன் சுரப்பது நின்றுவிடப் போவதும் இல்லை.

கவனத்துக்கு வேண்டிய இன்னொரு மூளை ரசாயனமான நார்அட்ரினலின் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சுரப்பது மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற இடம். இரண்டு பக்கமும் சேர்த்தாலே சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். ஆனால் அவற்றின் இழைகள் மூளைப் புறணி முழுக்கப் பரவியிருக்கின்றன. தூங்கும்போது இந்த நரம்பணுக்களின் துடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். விழிப்போடு ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கையில், தேவையான தகவல் வந்த கணத்தில் சட்டென்று துடித்து அடங்கும். பதற்றத்தில் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும்; அப்போது மனம் எதிலும் நிலைக்காமல் அலையும். நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் இதன் உள்விவரத்தைக் காட்டின. நார்அட்ரினலின் மிதமாக இருந்தால், நரம்பணுவில் ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களில் (ஏற்பிகளில்) ஆல்ஃபா-2ஏ என்ற ஒன்றில் ஒட்டி, நெற்றிக்குப் பின்னால் உள்ள அதே புறணி கவனத்தின் மேல் வைத்திருக்கும் பிடியை இறுக்குகிறது. அளவு மீறினால் ஆல்ஃபா-1 போன்ற வேறு ஏற்பிகளில் ஒட்டி அதே பிடியைத் தளர்த்துகிறது. முதல் ஏற்பியைத் தூண்டும் குவான்ஃபசின், ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. 2009இல் அமெரிக்காவில் கவனக்குறைவுக் கோளாறுக்கும் (ADHD) அனுமதி பெற்றது.

எனவே "நாலு திட்டு திட்டினால்தான் புத்தி படிப்பில் நிற்கும்" என்கிற நம் வீட்டு வைத்தியம் பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். பயந்த பிள்ளை சுறுசுறுப்பாகத் தெரியலாம், கணக்கு மட்டும் ஓடாது.

கவனத்துக்கு வேண்டிய மற்றொரு ரசாயனமான அசிட்டைல்கோலினையும் விட்டுவிட்டார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் டொனெபெசில், அந்த ரசாயனம் சிதைவதைத் தடுக்கும் மாத்திரைதான். இதற்கு மேல் விரித்தால் கடிதம் பாடமாகிவிடும்.

என்னை எழுதவைத்தது கட்டுரையின் கடைசிப் பத்தி. கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்துகளைப் 'போதை' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மருந்து டோபமைன், நார்அட்ரினலின் இரண்டும் நரம்பணுக்களால் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அந்தக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் உண்மையிலேயே உதவும். கோளாறு இல்லாதவர் கதை வேறு. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 40 பேருக்கு இதையும் இதுபோன்ற வேறு இரண்டு மருந்துகளையும் கொடுத்துச் சிக்கலான புதிர்களைத் தந்தார்கள். முயற்சி கூடியது, விடையின் தரம் குறைந்தது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் செய்தவர்களே மருந்தோடு சராசரிக்குக் கீழே சரியும் போக்கு தெரிந்தது. தேர்வுக்கு முன் நண்பனிடம் மாத்திரை வாங்கிப் போடும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டியது இதைத்தான். சரி, அதைச் சொல்லியிருந்தால் கட்டுரையைப் பாராட்டி எழுதியிருப்பேன்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை உங்கள் கட்டுரையை நம்பி எந்தப் பெற்றோரும் நிறுத்திவிடக் கூடாது. அடுத்த இதழில் அதற்காகவேனும் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரு மனநல மருத்துவர் எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.