டாஸ்கினா, ருக்கர்ஸா? நண்பனுக்கு ஒரு கடிதம்

ஆண்ட்வெர்ப்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் காரை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜைப் பட்டறையாக மாற்றிவிட்டேன். அங்கே செய்யும் ஃபிளெமிஷ் ஹார்ப்சிகார்ட் (இந்த ஆண்ட்வெர்ப் வட்டாரப் பாணியில், தந்தியை முள்ளால் மீட்டும் கட்டைவரிசைக் கருவி) பாதி வடிவத்துக்கு வந்துவிட்டது.

உன் மகளுக்கு ஹார்ப்சிகார்ட் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு கட்டைவரிசையோடு, ஐந்து ஆக்டேவ் கொண்ட பெரிய பிரெஞ்சுக் கருவியையே ஆர்டர் செய்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீ பார்த்து ஆசைப்பட்ட அந்த வடிவத்துக்கு மூலக் கருவி, பாஸ்கல் டாஸ்கின் 1769-ல் பாரிசில் செய்தது. இன்று எடின்பரோவில் செயின்ட் சிசிலியா மண்டபத்தில் இருக்கிறது. உலகத்தில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஹார்ப்சிகார்டுகளில் அதுவும் ஒன்று. 1912-ல் ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவுக்காகப் பிளேயெல் கம்பெனி செய்தது போன்ற, பியானோவை ஒட்டிய கனத்த கருவிகள்தான் ஒருகாலத்தில் ஹார்ப்சிகார்ட் என்ற பெயரில் மேடையேறின. 1949-ல் பாஸ்டனில் பிராங்க் ஹப்பர்டும் வில்லியம் டவுடும் பட்டறை தொடங்கி, அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய கருவிகளை அளந்து அதே முறையில் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. எல்லா இசையையும் வாசிக்க முடியும் என்பதால், என்ன வாசிக்கப்போகிறாய் என்று கேட்காமலே டாஸ்கின் நகலைக் கைகாட்டிவிடுகிறார்கள்.

உன் மகள் என்ன வாசிக்கிறாள்? நீ எழுதியபடி ஸ்வேலிங்க், ஃப்ரோபெர்கர், லூயி கூப்பரென். மூவருமே டாஸ்கின் பிறப்பதற்கு வெகுமுன்னே மறைந்த இசையமைப்பாளர்கள். 1604-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு ஒரு ஹார்ப்சிகார்ட் வாங்க ஸ்வேலிங்க் வந்தது இந்த ஆண்ட்வெர்ப்புக்குத்தான். ஹார்ப்சிகார்ட் செய்பவரான ஹான்ஸ் ருக்கர்ஸ் 1579-ல் இங்குள்ள செயின்ட் லூக் கில்டில், அதாவது கலைஞர்-கைவினைஞர் சங்கத்தில், சேர்ந்தார். பிறகு மகன்கள் யோவான்னஸ், ஆந்திரேயாஸ், அடுத்த தலைமுறையில் மகள்வழிப் பேரன் கூஷே என்று ஒரே குடும்பம் பல பத்தாண்டுகள் இந்தத் தொழிலைப் பிடித்து வைத்திருந்தது. நம் வீட்டிலிருந்து டிராமில் போனால் ஃப்ளேஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில் அவர்கள் செய்த கருவிகள் இருக்கின்றன. ஒலிப்பலகை முழுக்கப் பூக்களும் பூச்சிகளும் தீட்டி, நடுவில் பொன்பூசிய ரோஜா வைத்து, உட்புறத்தில் அச்சடித்த காகிதம் ஒட்டியிருப்பார்கள்.

அவர்கள் கட்டிய முறை என் கைக்கு இப்போதுதான் புரிகிறது. பக்கப் பலகைகளையும் குறுக்குச் சட்டங்களையும் முதலில் பூட்டி, ஒலிப்பலகையை உள்ளே ஒட்டி, அடிப்பலகையை ஏறக்குறைய கடைசியாகத்தான் அடைப்பார்கள். இத்தாலியர்கள் அடிப்பலகையிலிருந்து தொடங்குவார்கள். பெட்டி பாப்லர் மரம், ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ். நான் சீவிக்கொண்டிருக்கும் பலகை நடுவில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சில ஓரங்களில் 2-ஐ நெருங்குகிறது. விரலால் தட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் சீவுகிறேன். அடியில் ஒட்டும் சட்டங்களும், குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) உட்காரும் இடமும் ஒலியைத் தீர்மானிப்பவை. அங்கே மூலக் கருவியின் வரைபடத்திலிருந்து நான் இம்மியும் விலகவில்லை.

தந்தி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். மேல் ஸ்தாயிக்கு இரும்பு, கீழே பித்தளை. இன்றைய பியானோவின் எஃகுக் கம்பி இதற்கு ஆகாது, அது அளவுக்கு மிஞ்சிய பலம். பழைய பாணி மென்மையான இரும்புக் கம்பி, அறுபடும் எல்லைக்கு அருகே நின்று ஒலிக்கும்போதுதான் அந்தத் தெளிவு வருகிறது. ருக்கர்ஸ் கருவிகளில் நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் மேலே உள்ள சி-யின் தந்தி நீளம் சுமார் 355 மில்லிமீட்டர். பெட்டியின் வளைவே இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். ஆகவே செய்பவர் யாராக இருந்தாலும், என்ன கம்பி, எந்தச் சுருதிக்கு என்று முதலில் கேள். 415 ஹெர்ட்ஸ் என்ற பழைய சுருதி, 440 என்ற இன்றைய சுருதி இரண்டும் வேண்டுமானால் கம்பியை இறுக்கக் கூடாது. கட்டைவரிசையே ஒரு கட்டை இடம் நகர்கிற மாதிரி செய்து தருவார்கள்.

இனி ஒரு சிக்கல். “ருக்கர்ஸ் நகல்” என்றால் எந்த ருக்கர்ஸ்? பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பு அவ்வளவு. பழைய ஆண்ட்வெர்ப் கருவியை வாங்கி, அறுத்து அகலமாக்கி, புதுக் கட்டைகள், புது ஜாக்குகள் (மீட்டும் முள்ளைத் தாங்கும் மரப்பட்டைகள்), கூடுதல் தந்திகள் போட்டார்கள். இதற்கு ராவால்மான் என்று பெயர். பழைய வீட்டின் தேக்கு உத்தரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புது வீடு எழுப்புவது மாதிரி, பல கருவிகளில் மிஞ்சியது ஒலிப்பலகை மட்டுமே. பாரிசிலேயே செய்த கருவிகளையும் அந்தக் குடும்பத்துப் பெயரில் விற்றிருக்கிறார்கள். உனக்குப் பக்கத்திலேயே, லா வில்லெட்டில் இருக்கும் இசை அருங்காட்சியகத்தில், ஆந்திரேயாஸ் ருக்கர்ஸ் 1646-ல் செய்து டாஸ்கின் 1780-ல் விரிவாக்கிய கருவியைப் பார்க்கலாம். மகளையும் அழைத்துப் போ. கோல்மாரில் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1624-ஆம் ஆண்டு யோவான்னஸ் ருக்கர்ஸும் இப்படிப் பிற்பாடு விரிந்ததுதான். இவற்றை நகலெடுப்பவர்கள் பிற்கால நிலையைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். இதில் தவறேதும் இல்லை, அற்புதமான கருவிகள். ஆனால் அவை ஸ்வேலிங்க் கேட்ட கருவிகள் அல்ல.

இன்னொன்று, இரண்டு கட்டைவரிசை இருந்தாலே பிரெஞ்சு முறை என்று நினைக்காதே. எடின்பரோவில் 1638-ஆம் ஆண்டு யோவான்னஸ் ருக்கர்ஸ் ஒன்று மாறாமல் தப்பியிருக்கிறது. அதில் கீழ்வரிசை மேல்வரிசையைவிட ஒரு நான்காம் இடைவெளி (ஐந்து அரைச்சுரம்) தாழ்வாக ஒலிக்கும். ஒரே பாட்டை வேறு சுருதியில் வாசிக்க வைத்தது அது. பாரிஸ்காரர்கள் இரண்டு வரிசையையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஒலிநிறத்தை மாற்றிக் காட்டப் பயன்படுத்தினார்கள். பிரான்சுவா கூப்பரெனின் கைகள் குறுக்கிடும் துண்டுகளுக்கும், பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களில் சிலவற்றுக்கும் அது அவசியம். உன் மகள் அங்கே போய்ச் சேரும்போது பெரிய கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

என் யோசனை: ஒற்றைக் கட்டைவரிசை ஃபிளெமிஷ். மூலக் கருவிகளில் எட்டடி (இயல்பான சுருதியில் ஒலிக்கும் தந்தி வரிசை) ஒன்று, நாலடி (ஒரு ஆக்டேவ் மேலே ஒலிப்பது) ஒன்று. கீழே சில சுரங்கள் இல்லாத குறுகிய ஆக்டேவ். இன்று பலர் கீழ்ச்சுரங்களை முழுமையாக்கி, இன்னொரு எட்டடியும் சேர்த்துச் செய்கிறார்கள். லூயி கூப்பரெனுக்கு அது உதவும், எனக்கும் சம்மதமே. எது பழைய அளவு, எது தன் மாற்றம் என்று செய்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீளம் சுமார் 1.8 மீட்டர். டாஸ்கின் 2.3 மீட்டர் வரும், உங்கள் பாரிஸ் பிளாட்டில் சாப்பாட்டு மேசையை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? ஒலியிலும் வித்தியாசம் உண்டு. டாஸ்கின் உருண்டு திரண்டு, நீடித்து, கீழ்ச்சுரங்களில் ஆழமாக ஒலிக்கும். ஃபிளெமிஷில் ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடம் துல்லியமாகக் கேட்கும். ஸ்வேலிங்கின் நாலு குரல்களும் தனித்தனியாக வரும். கற்கிற பிள்ளைக்கு விரல் எங்கே தளர்கிறது என்பதை அதே நொடியில் கருவி சொல்லிவிடும். இந்தக் கடைசிக் காரணமே எனக்குப் போதும்.

மீட்டும் முள் பறவை இறகா, டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கா என்று கேட்டாய். தொட்டுப் பார்த்தால் இறகுதான் எனக்கு இஷ்டம், ஆனால் தேய்ந்தால் மாற்ற நேரமும் பொறுமையும் வேண்டும். பள்ளி போகும் பெண்ணுக்கு டெல்ரினே சரி. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அறையின் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒலிப்பலகை வெடிக்கும். சுருதி சேர்க்க அவளே பழகட்டும். மீன்டோன் என்ற பழைய சுருதி சேர்க்கும் முறையில் மூன்றாம் சுரம் தூய்மையாக நிற்பதைத் தன் காதால் ஒருமுறை கேட்டால் பிறகு விடமாட்டாள்.

முன்பணம் கொடுக்குமுன் செய்பவரின் வேறு கருவி ஒன்றை அவள் ஒரு மணி நேரமாவது வாசிக்கட்டும். எந்த மூலக் கருவி, எந்த நிலை, என்ன கம்பி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். அவர் அனுப்பும் விவரத்தை எனக்கும் அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வசந்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு இங்கே வாருங்கள், அதற்குள் என் கருவிக்குத் தந்தி ஏறியிருக்கும். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்